பதினொன்றேகால் பாகை

இன்று காலை, வரைபடம் போடும் இந்த ஆபீசில் என் பக்கத்து மேசைப் பெண் உச்சுக் கொட்டினாள். பயிற்சிக்குப் புதிதாக வந்திருப்பவள். நானும் இங்கே பயிற்சிக்கு வந்தவன்தான். ஆனால் அவளுக்கு முன்னால் வந்து, காப்பி மெஷினை எந்த இடத்தில் தட்டினால் வேலை செய்யும் என்று கண்டுபிடித்துவிட்டதால் நான் சீனியர்.

"இந்த டிமென்ஷன் ஏன் இப்பிடிப் பண்ணுது? ரெண்டு தசமம் காட்டுன்னு வெச்சுட்டேன். நீளமெல்லாம் ஒழுங்கா மாறிடுச்சு. இந்தக் கோணம் மட்டும் 23ன்னே நிக்குது. நான் வரைஞ்சது 22.5."

நான் என் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதே பக்கத்துல கீழ பாரு. கோணத்துக்குத் தனியா ஒரு பெட்டி இருக்கும். நீளத்துக்குச் சொன்னது அதுக்குக் கேக்காது. அதுக்கும் தனியா சொல்லணும்."

மவுஸ் நான்கைந்து தடவை சொடுக்கியது. "அட, ஆமா லா! பாக்காமலே எப்பிடிச் சொன்னே?"

"அனுபவம்" என்றேன். பத்தொன்பது வயதுக்காரன் வாயில் அந்தச் சொல் எவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று உனக்குத் தெரியும். அவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு, ஒரு புதுப் பக்கத்தைத் திறந்து இதை எழுத ஆரம்பித்தேன். ஆபீஸ் நேரத்தில், ஆபீஸ் கம்ப்யூட்டரில். நீ பார்த்திருந்தால் என் காதைத் திருகியிருப்பாய்.

நீ இருந்தபோது உனக்கு நான் கடிதம் எதுவும் எழுதியதில்லை. போனில் அனுப்பியதெல்லாம் குரங்குப் படங்கள்தான், அவற்றின் கீழே உன் பெயர். இல்லாத ஆளுக்கு எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. நீல டிக் விழுந்தும் பதில் போடவில்லையே என்று கோபப்பட வேண்டியதில்லை.

கல்லூரியில் வரைபட வகுப்பின் முதல் நாளன்று பெயர் வரிசைப்படி உட்கார வைத்தார்கள். நீ என் வலது பக்கத்தில் வந்து விழுந்தாய். உட்கார்ந்ததும் மவுஸைச் சட்டை நுனியால் துடைத்தாய், பிறகு கீபோர்டைத் துடைத்தாய். பிறகு மூக்கைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாய்.

"டேய், மீன் வாட வருது."

"எங்கப்பா பாசிர் பெனம்பாங்ல மீனுக்கு ஐஸ் ஏத்துற லோரி ஓட்டுறாரு. இன்னிக்கு அதுலதான் வந்தேன். உன் மேல பனங்கா வாட வருது, நான் ஏதும் சொன்னேனா?"

"நான் ஈஜோக். செம்பனத் தோட்டம்."

"அதான் பாத்தேன், எண்ணெ வடியுது."

நீ சிரிக்கவில்லை. மவுஸை இன்னொரு தடவை துடைத்தாய். இவனோடு பொழுது நன்றாகப் போகும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

உன்னைப் போன்ற ஆள் பக்கத்தில் இருந்தால் கை சும்மா இருக்காது. நீ கழிவறைக்குப் போய்விட்டு வருவதற்குள் உன் திரையின் பின்னணி இளஞ்சிவப்பாகியிருக்கும். சுவர், கதவு என்று நீ பிரித்து வைத்திருந்த லேயர்களுக்கெல்லாம் சினிமா நடிகைகளின் பெயர் வந்திருக்கும். நீ சுவரை வரைந்துகொண்டிருப்பதாக நினைப்பாய். உண்மையில் ஒரு நடிகையின் மேல் கோடு போட்டுக்கொண்டிருப்பாய். எல்லாவற்றுக்கும் உச்சமாக, அளவுகளுக்குப் பின்னால் ஏதாவது சேர்க்க விரும்பினால் எழுதிக்கொள்ள டிமென்ஷன் ஸ்டைலில், அதாவது அளவுகளை எப்படிக் காட்டுவது என்று சொல்லும் பக்கத்தில், ஒரு சின்ன இடம் இருப்பதைக் கண்டுபிடித்தேன். நல்ல பிள்ளைகள் அங்கே 'மி.மீ.' என்று போடுவார்கள். நான் உன்னுடையதில், நாம் பேச்சுக்குப் பேச்சு ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா'வைப் போட்டேன். நீ கவனிக்காமல் பிரிண்ட் எடுத்து டீச்சரிடம் கொடுத்துவிட்டாய். கதவு 900 லா. ஜன்னல் 1200 லா. படி ஒவ்வொன்றும் 150 லா.

டீச்சர் அந்தத் தாளை வகுப்பில் தூக்கிக் காட்டினார். "என்ன லா இது?"

வகுப்பே சிரித்தது. நீ எழுந்து நின்று, "என் பக்கத்துல உக்காந்திருக்கறவன் டீச்சர்" என்றாய். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து என் பெயர் வாலு. உன் கம்ப்யூட்டரில் எது கெட்டாலும், மின்சாரமே போனாலும், நீ முதலில் என் பக்கம்தான் திரும்பினாய்.

நீ அடிக்கடி ஒன்று சொல்வாய். "ஸ்கிரீன்ல இருக்கற நம்பர் பொய் சொல்லாதுடா. உன்ன மாதிரி ஆளுங்கதான் சொல்வாங்க."

ஈஜோக்கில் ஒரு சின்னச் செம்பனைத் தோட்டத்தில் உன் அம்மா உதிரிப் பழம் பொறுக்கினார். ஆண்கள் குலையை வெட்டித் தள்ளும்போது பழங்கள் சிதறி மரத்தைச் சுற்றிக் கிடக்கும். எண்ணெய் அதிகம் உள்ளவை அவைதான் என்பதால் ஒன்றையும் விடக்கூடாது. காலை முதல் மதியம் வரை குனிந்த முதுகு நிமிராமல் பொறுக்கிச் சாக்கில் போட வேண்டும். அவருக்கு முதுகு போய்விட்டது. கிளினிக்கில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் குனியக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

"குனியாம எப்பிடிப் பொறுக்கறதாம்? பழம் என்னா, பறந்தா வருது?" என்று அம்மா கேட்டதை நீ வந்து சொன்னாய். அவரைப் போலவே இடுப்பில் கை வைத்துச் சொன்னாய். ஆனால் சிரிக்கவில்லை.

தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் கெட்டவர் இல்லை. "அடுத்த சுத்து வரைக்கும் பாக்கறேங்கா. முடியலன்னா நெரைய வேற ஆளுக்குக் குடுக்கணும். என்னையும் மேல கேக்கறாங்க" என்று சொல்லியிருந்தார். சுற்று என்பது மறுபடி குலை வெட்ட வரும் நாள், நிரை என்பது அம்மாவின் பங்குக்கு விட்டிருந்த மர வரிசை. அது கைவிட்டுப் போனால் நீ படிப்பை விட்டுவிட்டு அதே வரிசையில் இறங்குவதென்று நீயாகவே முடிவு செய்து வைத்திருந்தாய். அம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

அப்போதுதான் அந்த உருளையை வீடியோவில் பார்த்தாய். இரண்டு வட்டத் தகடு, அவற்றின் விளிம்பைச் சுற்றி ஓட்டைகள், ஒரு தகட்டிலிருந்து இன்னொன்றுக்கு வரிசையாக மெல்லிய கம்பிகள், பிடித்துத் தள்ள நீளமான கைப்பிடி. நின்றபடி உருட்டிக்கொண்டு போனால் கம்பிகள் விலகி, பழம் உள்ளே நுழையும். நுழைந்த பழம் வெளியே வராது. கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான் சூட்சுமமே இருக்கிறது. கொஞ்சம் அகலமாகிவிட்டால் உருளை வெறும் கூண்டுதான், அதுவும் கதவு திறந்த கூண்டு.

நீ கணக்குப் போட்டாய். முப்பத்திரண்டு கம்பி. ஒரு முழு வட்டத்தை முப்பத்திரண்டால் வகுத்தால் ஓட்டைக்கு ஓட்டை பதினொன்றேகால் பாகை. நம் ப்ராஜெக்ட்டாக அதையே கொடுத்தாய். நம் ப்ராஜெக்ட் என்றால் நீ வரைந்தாய், நான் கைப்பிடிக்குப் பூப்போட்ட உறை போடலாமா என்று கேட்டேன்.

முதல் தகராறு நீளத்தில் வந்தது. ஓட்டைகள் இருக்கும் வட்டத்துக்கு ஆரம் 130.5 என்று வரைந்திருந்தாய். அளவு போட்டால் 131 என்று காட்டியது.

"யூனிட்ஸ்ல போயி தசமத்த மாத்திட்டேன். இன்னும் 131ன்னுதான் காட்டுது."

"அதுக்கு உன்னப் புடிக்கல மச்சான்."

"நீ ஏதும் நோண்டினியா?"

"சத்தியமா இல்ல."

அப்போது நம்பினாய், காரணத்தை நீயே கண்டுபிடித்துவிட்டதால். யூனிட்ஸ் மொத்த வரைபடத்துக்கானது. ஆனால் வரைபடத்தில் எழுதிக் காட்டும் அளவுகள் தங்கள் டிமென்ஷன் ஸ்டைல் சொல்வதை மட்டும்தான் கேட்கும். அங்கே போய்ப் பிரிசிஷனை இரண்டு தசமமாக்கியதும் 131 என்பது 130.50 ஆகிவிட்டது. கம்ப்யூட்டருக்கு உள்ளே எப்போதும் சரியான எண்தான் இருந்தது, வெளியே சொல்லும்போதுதான் முழு எண்ணாக்கிச் சொல்லியிருந்தது. கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டால் நம் ஆட்கள் சொல்வது போல.

உனக்கு ஒரே சந்தோஷம். ஒவ்வொரு நீளத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாய். கோணத்தைக் கடைசியாகத்தான் போட்டாய். பஸ் வரும் நேரம். பிரிசிஷன் பிரச்சினைதான் முடிந்துவிட்டதே! தாளை பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடினாய்.

புக்கிட் பெருந்துங் தொழிற்பேட்டையில் உன் உறவுக்கார அண்ணன் ஒருவர் சின்னப் பட்டறை வைத்திருந்தார். "ஃபைலெல்லாம் அனுப்பாத தம்பி, தாளா குடு, அதான் நமக்கு ஒத்து வரும்" என்று சொல்லித் தாளைப் பார்த்தே தகடுகளில் துளை போட்டுக் கொடுத்தார். நானும் நீயும் கம்பிகளைக் கோத்தோம். கைப்பிடியை மாட்டினோம். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை உன் அம்மாவின் நிரையில் அதை உருட்டினாய். கிடந்த பழமெல்லாம் உள்ளே போனது. நான் கை தட்ட வாயெடுத்தேன், அதாவது விசிலடிக்க. அதற்குள் உருளை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, உள்ளே போனதில் பாதியைப் பொத்தென்று கீழே போட்டது. மறுபடி உருட்டினாய். மறுபடி எடுத்தது, மறுபடி போட்டது. சுற்றுக்கு ஒரு தடவை, தவறாமல்.

"ஹைவே டோல் கட்டுது மச்சான்" என்றேன்.

உனக்குக் காதில் விழவில்லை. நீ பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய். அம்மா உனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார், உருளை போட்ட பழங்களைக் குனிந்து பொறுக்கியபடி. ஒரு கை முதுகில் இருந்தது.

"பரவால்லய்யா" என்றார். "முன்ன மாதிரி இல்ல, கொஞ்சந்தான் குனியறேன்."

நீ உருளையைக் கீழே சாய்த்தாய். கம்பிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனாய். ஓர் இடத்தில் விரல் நின்றது. அங்கே மட்டும் இடைவெளி ஏறக்குறைய இரண்டு மடங்கு. அங்கேயே பட்டறை அண்ணனுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாய்.

"அண்ணே, கடைசி ஓட்ட ரொம்பத் தள்ளிப் போயிருக்கு."

"தாள்ல பதினொன்னுன்னு இருந்துச்சு தம்பி. பதினொன்னு பதினொன்னா தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். கடைசீல பெரிய எடமா நின்னுச்சு."

"கேட்டிருக்கலாமேண்ணே?"

"நான் அது கதவுன்னு நெனச்சேன்பா. பழத்த வெளிய கொட்டறதுக்கு. நல்ல ஐடியாவா இருக்கேன்னு என் ஆளுகிட்ட கூடச் சொன்னேன்."

நான் திரும்பி நின்று சிரித்தேன். முடியவில்லை. நீ மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தாய். நீளமெல்லாம் இரண்டு தசமத்தோடு அழகாக இருந்தது. கோணத்தின் இடத்தில் வெறும் 11. தசமம் இல்லை, புள்ளி இல்லை. முப்பத்தொரு இடைவெளியை அண்ணன் பதினொன்று பாகையாக வைத்துக்கொண்டு வந்ததில், விட்டுப்போன கால் பாகைகளெல்லாம் கடைசி இடைவெளியில் போய்ச் சேர்ந்து அது பத்தொன்பதாக நின்றுவிட்டது.

நீ தாளிலிருந்து என் முகத்துக்குப் பார்வையை உயர்த்தினாய். நான் அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தேன். அது உதவவில்லை.

"நீதானே மாத்துனே?"

"நானா?"

"பதினொன்னேகால்னு கணக்குப் போட்டது நானு. அப்பறம் எப்பிடிப் பதினொன்னாச்சு? ஸ்கிரீன் தானா மாத்துமா?"

"டேய், நான் தொடவே இல்லடா."

"லா போட்டது யாரு? நடிகை பேரு போட்டது யாரு?"

"அது வெளையாட்டு. இது உங்கம்மாவோட வேல. இதுல போயி வெளையாடுவனா?"

"எனக்கெப்பிடித் தெரியும்?" என்றாய்.

உன் அம்மா நம் இருவரையும் பார்த்துவிட்டு, "சண்ட போடாதீங்கய்யா, தண்ணி குடிங்க" என்றார். நான் குடிக்காமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை நீ நாற்காலியைக் கொஞ்சம் வலது பக்கமாக நகர்த்திப் போட்டிருந்தாய். கழிவறைக்குப் போகும்போது திரையைப் பூட்டிவிட்டுப் போனாய். எனக்கு ரோஷம் வந்தது. நான் செய்யாத ஒன்றுக்குப் பழி வருவது எனக்குப் புது அனுபவம். செய்ததற்கெல்லாம் வாங்கிப் பழகியவன் நான், இதற்கு எப்படி நிற்பது என்று தெரியவில்லை.

மதியம் எல்லோரும் கேன்டீனுக்குப் போனபோது நான் போகவில்லை. என் கம்ப்யூட்டரில் புது ஃபைல் ஒன்றைத் திறந்தேன். பதினொன்றேகால் பாகை விலகி நிற்கும்படி இரண்டு கோடு போட்டு, கோணத்துக்கு அளவு வைத்தேன். 11 என்று வந்தது. எதையும் தொடாத வெறும் ஃபைலிலேயே. நீ வந்ததும் காட்டினேன்.

"பாரு. புது ஃபைல். சும்மா வரைஞ்சாலே இப்பிடித்தான் காட்டுது."

நீ பார்த்தாய். "புது ஃபைல் டெம்ப்ளேட்லேருந்துதானே வருது? டெம்ப்ளேட்டையே மாத்தி வெச்சிருப்பே."

அந்தக் கோபத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த யோசனை எனக்கே வந்ததில்லை.

"சரி. நான் தொட முடியாத கம்ப்யூட்டர் எது, நீயே சொல்லு."

நீ யோசித்தாய். வகுப்பின் முன்பக்கத்தைப் பார்த்தாய். டீச்சர் தன் மேசையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு என்னால் கண்டுபிடிக்க முடியாமல் போன ஒன்று என்பதை இருவரும் அறிவோம்.

நீ போய் விஷயத்தைச் சொன்னாய். டீச்சர் சம்பலை விரலால் தள்ளியபடி கேட்டார். "இது என்ன, வகுப்பா, கோர்ட்டா?"

"ரெண்டு கோடு போட்டாப் போதும் டீச்சர்" என்றேன். "நான் தூரமா நிக்கறேன். கையப் பின்னால கட்டிக்கறேன்."

"அது நல்லது" என்றார் டீச்சர். இடது கையால் பாஸ்வேர்டு அடித்துவிட்டு உன்னை உட்காரச் சொன்னார்.

நீ கோடு போட்டாய். கோணம் கேட்டாய். நான் கதவுப் பக்கம் நின்றதால் திரை தெரியவில்லை, உன் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"என்னா வந்துச்சு?" என்று கத்தினேன்.

"பதினொன்னு" என்றாய் மெதுவாக.

டீச்சர் எட்டிப் பார்த்து, "ஓ, இதுவா? இத நான் சொல்லிக் குடுத்தனே, யாரும் கேக்கல" என்று சொல்லிவிட்டு நாசி லெமாக்குக்குத் திரும்பினார். நீ டிமென்ஷன் ஸ்டைலைத் திறந்தாய். நீளத்துக்கான பெட்டிகளின் கீழே, இன்னொரு சின்னத் தொகுதியாக, கோணத்துக்கான பெட்டிகள் இருந்தன. அங்கே பிரிசிஷன் பூஜ்யத்தில் இருந்தது. யாரும் மாற்றியதில்லை, முதலிலிருந்தே அப்படித்தான். நீ இரண்டு தசமம் வைத்தாய். 11.25.

என்னிடம் வந்து நின்றாய். மன்னிப்பு கேட்பாய் என்று எதிர்பார்த்தேன்.

"ஒழுங்கா இருந்திருந்தீன்னா நம்பியிருப்பேன் லா" என்றாய்.

அது மன்னிப்பா, திட்டா என்று இன்றுவரை தெரியவில்லை. அன்று இரண்டில் எதுவாக இருந்தாலும் சரி என்று எடுத்துக்கொண்டேன். நாற்காலி பழைய இடத்துக்கு வந்தது.

கோணம் கிடைத்துவிட்டது, ஆனால் உருளை இன்னும் டோல் கட்டிக்கொண்டுதான் இருந்தது. அடுத்த சுற்று அந்த வாரத்திலேயே. பட்டறை அண்ணனுக்கு வேறு வேலை குவிந்து கிடந்தது, புதுத் தகடு அதற்குள் வராது. பஸ் நிறுத்தத்தில், கல்லூரிக்குத் தூக்கி வந்திருந்த உருளையை மடியில் வைத்துக்கொண்டு நீ அந்த அகன்ற இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஓட்டப் பல்லு கெழவன் மாதிரி இருக்கு" என்றேன், உன்னைச் சிரிக்க வைக்க. "ஒரு பல்லு கட்டி விட்டுடு."

நீ திரும்பி என்னை முறைத்தாய். பிறகு முறைப்பு மாறியது. "திரும்பச் சொல்லு."

"என்னாத்த?"

"பல்லு கட்டறது. நடுவுல ஒரு ஓட்ட. பத்தொன்பதுல பாதி ஒம்பதர. மத்ததவிடக் கொஞ்சம் நெருக்கமா இருக்கும், ஆனா பழம் வெளிய வராதுல்ல?"

தகட்டுக்கு ஓர் ஓட்டை போடக் கல்லூரிப் பட்டறையே போதும். முப்பத்து மூன்றாவது கம்பியை அன்றே மாட்டினோம். வரைபடத்தில் இல்லாத கம்பி. அழகு போய்விட்டது. அந்த இடத்தில் மட்டும் கூட்டத்தில் இடித்துக்கொண்டு நிற்பவர்கள் போலக் கம்பிகள் நெருங்கி நின்றன.

சுற்று வந்த அன்று நாம் இருவரும் வகுப்புக்கு மட்டம் போட்டோம். மண்டோர் மோட்டாரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உன் அம்மா உருட்டிக்கொண்டு போனார். முதல் மரம். இரண்டாவது மரம். கீழே எதுவும் விழவில்லை. நீ உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாய். எனக்குச் சொல்ல ஐந்தாறு கிண்டல் தயாராக இருந்தது, ஒன்றையும் சொல்லவில்லை. நிரையின் கோடி வரை போய், அம்மா திரும்பி நின்றார். நேராக நின்றார்.

"என்னாக்கா இது, கல்யாணப் பொண்ணு மாதிரி நிமிந்து நடக்கறீங்க?" என்றார் மண்டோர்.

"பொறாமையா இருந்தா நீங்களும் ஒன்னு வாங்கிக்குங்க" என்றார் உன் அம்மா.

நிரை அவரிடமே இருந்தது. நீயும் வகுப்பிலேயே இருந்தாய்.

அதன் பிறகு நடந்ததை நீட்டி எழுத எனக்கு வராது. மழைக்காலம், மாலை, ஈஜோக் சாலை, குலை ஏற்றிய லோரி, நீ புதிதாக வாங்கிய மோட்டார். நம் வகுப்புப் பையன் ஒருவன் போன் செய்து சொன்னான். நான் அவனிடம், "டேய், இதுலெல்லாம் வெளையாடாத" என்றேன். "இதுல போயி வெளையாடுவனா?" என்றான். நான் நம்பவில்லை. உன் போனுக்கு அடித்தேன். பிறகு நம்பினேன்.

உன் வீட்டில் நான் அழவில்லை. ஓர் ஓரமாக நின்று, பந்தல் கம்பங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சமமாக இல்லை.

இந்த ஆபீசில் என்னை அமைதியான பையன் என்கிறார்கள். உண்மையாகத்தான் சொல்கிறார்கள். கண்ட கம்ப்யூட்டரையும் நோண்டுவதில் சுவை இல்லை. ஏதாவது கெட்டால் முதலில் என் பக்கம் திரும்பிப் பார்க்க ஆள் வேண்டும். இங்கே கெட்டால் டெக்னீஷியனைக் கூப்பிடுகிறார்கள்.

போன மாதம் உன் அம்மா போன் செய்தார். மண்டோர் கேட்கிறாராம், மற்றப் பெண்களுக்கும் நான்கு உருளை வேண்டுமாம். "ஒனக்குத்தான் தெரியும்னு சொன்னேன் தம்பி" என்றார். உன் ஃபைல் என்னிடம் இருந்தது. திறந்தேன். நீ திருத்தி வைத்ததுதான், 11.25 என்று நின்றது. நீளம், கோணம், கம்பியின் கனம் எல்லாவற்றையும் பார்த்து, பிரிண்ட் எடுத்துப் பட்டறை அண்ணனிடம் கொடுத்தேன். அவர் தாளை வாங்கி உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார். "இந்தத் தடவ கதவு வேணாமா?"

"வேணாண்ணே."

நேற்று, நான்கில் முதலாவதாக முடிந்த உருளையை எடுத்துக்கொண்டு ஈஜோக் போனேன். முப்பத்திரண்டு கம்பி, எல்லாம் ஒரே இடைவெளி. உன் அம்மா தன்னுடையதை மாற்றிக்கொள்ள மாட்டேன் என்றார். கைக்குப் பழகிவிட்டதாம். மரத்தடியில் கித்தான் விரித்து உட்கார்ந்து, பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீரை உறிஞ்சியபடி, உருளையோடு நான் கொண்டுபோன தாளைக் கேட்டு வாங்கினார். வரைபடம் அவருக்குப் புரியாது. ஆனால் தாளின் வலது மூலையில் இருந்த கட்டத்தின் மேல் அவர் விரல் போய் நின்றது.

"இது அவன் பேருதானே?"

"ஆமாம்மா. வரைஞ்சவங்க பேரு போடற எடம்."

"இதுக்குக் கீழ?"

"அது என் பேரு. சரி பாத்தவங்க போடணும்."

அவர் அந்த இரண்டு பெயரையும் மாறி மாறிப் பார்த்தார். சற்றுத் தள்ளி மற்ற நான்கு பெண்கள் புது உருளையைச் சுற்றி நின்று, யார் முதலில் உருட்டுவது என்று ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எல்லாம் சரியாப் பாத்தியா?" என்று கேட்டார் உன் அம்மா.

"பாத்தேம்மா."

"வெளையாட்டு இல்லியே?"

"இல்லம்மா."

தாளை என்னிடம் நீட்டினார். "இன்னொரு தடவ பாரு."

நான் வாங்கிக்கொண்டேன். அந்தக் கித்தான் ஓரத்தில் குந்தி, உன் பெயருக்கு மேலே இருந்த எண்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தேன், விரலால் தொட்டுத் தொட்டு.